பதினாலு சுற்று

மட்டாஞ்சேரியில் ஏழு தெருக்காரர்களுக்குத் தங்கையாவைத் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே. முப்பத்தொரு வருஷம் அந்த ஏழு தெருவுக்கும் குடிதண்ணீர் திறந்து விட்டவர் அவர். குடிநீர் ஆபீசில் அவர் வேலைக்கு வால்வ் ஆபரேட்டர் என்று பெயர். தெருவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, தண்ணி அண்ணன் என்பார்கள். தண்ணீர் வராத நாட்களில் சொன்ன பெயர்களை இங்கே எழுத முடியாது.

பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. தெரு முனையில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்க வேண்டும். இடுப்பு உயரச் சாவியைக் குழிக்குள் இறக்கி, கீழே இருக்கும் வால்வில் மாட்டி, குனிந்தபடியே சுற்ற வேண்டும். பிறகு மண்டி போட்டு, சாவியின் தலையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். முதலில் காற்று சீறும், அப்புறம் தண்ணீர் ஓடும் சத்தம் வரும். மூடியைத் தூக்கக் குத்தவைப்பார், சாவியைச் சுற்றக் குனிவார், சத்தம் கேட்க மண்டி போடுவார். நாற்காலியில் உட்காருகிற பாக்கியம் அந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் கிடையாது.

சரியாகப் பதினாலு சுற்று. பதிமூன்றில் நிறுத்தினால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. பதினைந்தாவது சுற்றினால் பழைய பைப்பு எங்காவது வாயைப் பிளந்துகொள்ளும். இது ஆபீஸ் புத்தகத்தில் இல்லாத கணக்கு, தங்கையா கைப்பழக்கத்தில் கண்டுபிடித்தது. ஆனால் ஏழு தெருப் பெண்களுக்கும் இது மனப்பாடம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணுவார்கள். தங்கையா மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. எண்ணாமல் விடுகிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இந்த வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. மகள் சுனிதாவின் கல்யாணம் வந்துதான் அதை அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

சுனிதா ஐ.டி. கம்பெனியில் கூட வேலை பார்த்த ரோஹனை விரும்பினாள். ரோஹன் தங்கமான பையன். அவனுடைய அப்பா கேசவன் திருப்பூணித்துறைக்காரர், ஒரு சர்க்கார் ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை அந்த நாலு பேரும் நினைப்பதற்கு முன்பே நினைத்துப் பார்க்கிற ரகம். பெண்ணின் அப்பா தெருவில் வால்வ் திறக்கிறவர் என்று தெரிந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களிடம் மட்டும், சம்பந்தி வாட்டர் டிபார்ட்மெண்டில் பெரிய ஆபீசர் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கல்யாணத்தில் தங்கையாவுக்குப் பேண்ட் போட்டுவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த கேசவனின் மைத்துனர், எந்த செக்‌ஷன் சார் என்று கேட்டார். வால்வ் செக்‌ஷன் என்றார் தங்கையா, பொய் சொல்லத் தெரியாமல். கேசவன் குறுக்கே விழுந்து, சம்பந்தி ரொம்பத் தமாஷ் பேசுவார் என்று சிரித்துச் சமாளித்தார். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அவர் மட்டாஞ்சேரிப் பக்கம் வந்ததில்லை. போனில் பேசும்போதும் மிஸ்டர் தங்கையா என்பாரே தவிர, சம்பந்தி என்று வாயில் வராது.

அதுகூடப் போகட்டும். ஒருநாள் சுனிதாவே போன் பண்ணினாள்.

"அப்பா, மாமனார் வீட்டாளுங்க யாராவது கேட்டா ரிட்டையர்டு ஆபீசர்னு மட்டும் சொல்லுங்க. கூட ஒண்ணும் சொல்லண்டா."

தங்கையா சரி என்றார். போனை வைத்துவிட்டு வெகு நேரம் சாவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஆபீசில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பழைய சாவி அது. வீட்டில் அதற்கு ஒரு உபயோகமும் இல்லை. அவருடைய மனைவி சரோஜம்மா அதில் ஈரத்துணி காயப் போடுவாள்.

இந்த நேரத்தில்தான் ஷாஃபி வந்து சேர்ந்தான்.

ஷாஃபிக்கு யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை. சுற்றுலா வருகிறவர்களுக்குப் பழைய பூட்டு, பழைய நாற்காலி, போன வருஷம் செய்த பழைய பெட்டி எல்லாம் விற்பான். சினிமாக்காரர்களுக்கு மேஜை நாற்காலி வாடகைக்கு விடுவான், ஆள் வேண்டுமென்றால் ஆளும் பிடித்துக் கொடுப்பான். சென்னையிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்திருக்கிறது என்றான். பல வருஷங்களுக்கு முன்னால் மேலே கிளம்பிப் போய், சில நிமிஷத்திலேயே கடலில் விழுந்துவிட்ட ஒரு ராக்கெட்டின் நிஜக் கதையாம். பேரையும் வருஷத்தையும் மாற்றிவிட்டார்களாம். பஜார் ரோட்டில் ஒரு பழைய சுக்கு கோடவுனைப் பிடித்து, அதற்குள் ராக்கெட் கன்ட்ரோல் ரூம் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி போட்ட, வழுக்கை விழுந்த, படித்த களையுள்ள ஐம்பது பேர் வேண்டும்.

"உங்களுக்குக் கண்ணாடியும் இருக்கு, வழுக்கையும் இருக்கு அண்ணே. களையை அவங்க மேக்கப்ல போட்டுக்குவாங்க," என்றான்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் தங்கையா. ஒன்றும் செய்ய வேண்டாம், வெள்ளைச் சட்டையும் டையும் கட்டி, கழுத்தில் அட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றான் ஷாஃபி. நாற்காலி என்ற வார்த்தை தங்கையாவின் காதில் தேனாக விழுந்தது. கேசவனும் அவருடைய மைத்துனரும் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்க, திரையில் தான் ஒரு ஆபீசராக, நாற்காலியில், கழுத்தில் அட்டையோடு. சுனிதா இனிமேல் யாரிடமும் எதையும் மறைத்துப் பேச வேண்டியதில்லை. அவர் உடனே சம்மதித்தார். அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் பண்ணி, படத்தில் பெரிய ஆபீசர் வேஷம் என்று சொல்லிவிட்டார். அங்கேதான் தப்புப் பண்ணினார். சுனிதா ரோஹனிடம் சொன்னாள், ரோஹன் அப்பாவிடம் சொன்னான், கேசவன் கோயம்புத்தூர் வரைக்கும் சொல்லிவிட்டார். நிஜ ஆபீசர் ஒருவர் வேண்டுமென்று சினிமாக்காரர்களே வந்து கூப்பிட்டார்களாம். முதல் நாள் முதல் ஆட்டம் குடும்பத்தோடு போவதாக முடிவும் ஆகிவிட்டது.

படப்பிடிப்புக்குப் போன இடத்தில் தங்கையாவுக்கு இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. ஒன்று, பின்வரிசைக்காரர்களுக்குப் பேண்ட் கிடையாது. மேஜைக்கு மேலே தெரிவதுதான் படத்தில் வரும் என்பதால் சட்டையும் டையும் மட்டும் கொடுத்து, கீழே அவரவர் கட்டி வந்ததையே விட்டுவிட்டார்கள். மீன் ஏலக்காரர், ரேஷன் கடைக்காரர், பள்ளிவாசல் பக்கம் சர்பத் விற்கிறவர் எல்லாரும் மேலே விஞ்ஞானியும் கீழே லுங்கியுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கையா நீலக் கட்டம் போட்ட லுங்கியில் இருந்தார்.

இரண்டாவது விஷயம்தான் விவகாரம். அவருக்கு முன்னால் இருந்த மேஜையில் ஒரு பெரிய வட்ட மீட்டர் வைத்திருந்தார்கள். பித்தளை விளிம்பு, கறுத்த முள், நாற்பதுக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒரு விரிசல். பார்த்ததும் தங்கையா அதைத் தெரிந்துகொண்டார். அந்த விரிசல் அவர் ஸ்பானரைக் கை நழுவவிட்டு உண்டாக்கியது. தெரு வேலைக்கு வருவதற்கு முன் அவர் பம்ப் ஹவுசில் ஐந்து வருஷம் இருந்தார். அந்த ஐந்து வருஷமும் நின்றுகொண்டே பார்த்தது இந்த மீட்டரைத்தான். முள் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் ஓடிப் போய்ப் பெரிய சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பாதி ஊர் காலிக் குடத்தோடு கிளம்பி வந்துவிடும்.

இது எப்படி இங்கே என்று ஷாஃபியைக் கேட்டார். பம்ப் ஹவுசில் புது மெஷின் வந்தபோது பழையதெல்லாம் காயலான் கடைக்குப் போனது, அங்கேயிருந்து தன் கடைக்கு வந்தது என்று ஷாஃபி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. டச்சுக்காரன் கப்பலில் இருந்தது என்றான். நாற்பது வருஷத்துப் பம்ப் ஹவுஸ் சாமானை முந்நூறு வருஷத்து டச்சுச் சாமான் ஆக்கினவனுக்கு, அதை ராக்கெட்டில் ஏற்றுவது பெரிய காரியமா? இப்போது அது ராக்கெட்டின் எரிபொருள் மீட்டர். மேஜையில் அழகுக்காக ஒரு இரும்புச் சக்கரமும், பக்கத்தில் ஒரு பைப்பும் பொருத்தியிருந்தார்கள். சக்கரத்துக்குப் பின்னால் பிளைவுட் பலகையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

டைரக்டர் சுதீர் ஆக்‌ஷன் என்றார். ஒலிபெருக்கியில் ஒருவர் இங்கிலீஷில் நிமிஷக் கணக்குச் சொன்னார். ராக்கெட் மேலே போய்க்கொண்டிருக்கிறது. மேஜைக்கு அடியில் பதுங்கியிருந்த ஆர்ட் டிபார்ட்மெண்ட்காரர் ஒரு கம்பியை மெல்ல இழுக்க, மீட்டரில் முள் இறங்கத் தொடங்கியது. அறுபது. ஐம்பது. நாற்பத்திரண்டு. எல்லாரும் திகைத்துப் போய் முன்னால் பார்க்க வேண்டும், அதுதான் காட்சி. முள் முப்பத்தெட்டைத் தொட்டது. தங்கையா விருட்டென்று எழுந்து சக்கரத்தைத் திருப்பினார்.

மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்த சுதீருக்கு, ராக்கெட் விழப்போகிற பதற்றத்தின் நடுவே, டை கட்டிய விஞ்ஞானி ஒருவர் நீலக் கட்டம் போட்ட லுங்கியோடு எழுந்து நிற்பது தெரிந்தது. கட் என்றார்.

உதவி டைரக்டர் அஞ்சனா ஓடி வந்து, எழுந்திருக்கக் கூடாது என்று பதமாகச் சொன்னாள். தங்கையா மன்னிப்புக் கேட்டார். அடுத்த தடவை கெட்டதற்கு அவர் காரணமில்லை. கோடவுனில் மிச்சமிருந்த சுக்குத் தூள் விளக்கு வெளிச்சத்தில் சூடாகிக் கிளம்ப, ரேஷன் கடைக்காரர் ஒரு தும்மல் போட்டார். அது வரிசை வரிசையாகப் பரவி, கன்ட்ரோல் ரூம் முழுக்கத் தும்மியது. மூன்றாவது தடவை தும்மல் இல்லை. தங்கையா எழுந்துவிட்டார்.

இந்த முறை சுதீரே வந்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு விளக்கிச் சொன்னார்.

"ஐயா, ராக்கெட் விழணும். விழுந்தாத்தான் கதை. நீங்க காப்பாத்தக் கூடாது."

தங்கையா மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டார். அவருக்கு மட்டும் எழுந்திருக்க ஆசையா? உட்காருவதற்காகத்தானே வந்திருக்கிறார். நாலாவது தடவை மீட்டரைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டார். ராக்கெட் விழும்போது விஞ்ஞானி தூங்குகிறார் என்று அதுவும் கெட்டது. ஐந்தாவது தடவை ஷாஃபி ஒரு துண்டால் அவர் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினான். முள் முப்பத்தெட்டுக்கு வந்ததும் தங்கையா நாற்காலியோடு எழுந்தார். நாற்காலிக் கால் பின்வரிசைச் சர்பத்காரரின் முழங்காலில் இடிக்க, அவர் போட்ட சத்தம் ராக்கெட் சத்தத்தை மிஞ்சியது.

அவரைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைக்கச் சொன்னார் சுதீர். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் கேசவனுக்கு எப்படித் தெரியும்? கோயம்புத்தூர் மைத்துனர் என்ன கேட்பார்? சுனிதாவின் முகத்தில் எப்படி விழிப்பது? முப்பத்தொரு வருஷத்தில் என்ஜினியரிடம்கூட எதையும் கெஞ்சிக் கேட்காத மனிதர் அன்று கேட்டார்.

"சாரே, இன்னொரு தடவைகூடப் பாருங்க. இந்தக் கசேரயில உக்காந்த மாதிரி எனக்கு ஒரு சீன் வேணும். என் பொண்ணுக்காக."

சுதீருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மூலையில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்தாள். மகா மேடம் என்று கூப்பிட்டார்கள். எழுபத்தைந்து வயசிருக்கும், சின்ன உருவம். அந்த நிஜ ராக்கெட் விழுந்த நாளில் நிஜக் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தவள். எல்லாம் சரியாக எடுக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வந்திருந்தாள். இவர் ஏன் எழுந்திருக்கிறார் என்று கேட்டாள். தங்கையா மீட்டரைக் காட்டி, நாற்பதுக்குக் கீழே போகக் கூடாது மேடம் என்றார். அவள் சுதீரைத் தனியாகக் கூட்டிப் போய் ஏதோ சொன்னாள். தன்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாள் என்று தங்கையா நினைத்துக்கொண்டார். அவள் சொன்னது இதுதான், ரொம்ப நாள் கழித்து ஷாஃபி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது:

"அன்னைக்கு எங்க ரூம்லயும் ஒருத்தர் எந்திரிச்சார். பெரிய ஆபீசர் இல்ல, சின்ன வேலைல இருந்தவர். கையை இப்படி வெச்சுக்கிட்டு நின்னார். திருப்பறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. நான் அதை மறந்தே போயிட்டேன் சுதீர்."

சுதீர் திரும்பி வந்தபோது ஆள் மாறியிருந்தார். அஞ்சனா யூனிட் டிரைவரின் பேண்ட்டை வாங்கி வந்து தங்கையாவுக்குக் கொடுத்தாள். இந்த முறை நீங்கள் எழுந்து திருப்புங்கள் ஐயா, அதுதான் காட்சி என்றார் சுதீர். முள் இறங்கியது. முப்பத்தெட்டு, முப்பது, இருபது. தங்கையா அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஏன் எழவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள்தானே விழ வேண்டும் என்று சொன்னீர்கள் என்றார். இன்னொரு தடவை எடுத்தார்கள். நடி என்று சொன்னதும் அவருடைய கை கால் எல்லாம் பலகையாகிவிட்டது. கூட ஒரு தடவை எடுத்தும் அதே கதைதான்.

கடைசியில் அஞ்சனாதான் வழி கண்டாள். எல்லாம் முடிந்தது சேட்டா, நன்றாக உட்கார்ந்தீர்கள், விளக்கை மட்டும் ஒருமுறை சரிபார்க்கிறோம், அப்படியே இருங்கள் என்றாள். தங்கையா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மகள் ஆசைப்பட்ட மாதிரியே உட்கார்ந்தாகிவிட்டது. சரோஜம்மாவிடம் எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது முள் மெல்ல இறங்கியது. நாற்பதைத் தாண்டியது.

அவர் எழுந்தார். சக்கரத்தைப் பிடித்துப் பதினாலு சுற்றும் ஒழுங்காகச் சுற்றினார். குனிந்து பைப்பில் காதை வைத்தார். காற்றும் சீறவில்லை, தண்ணீரும் ஓடவில்லை. மீட்டரைப் பார்த்தார், முள் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்தது. போச்சு, விளக்குச் சோதனையைக்கூடக் கெடுத்துவிட்டோம் என்று தலையில் கைவைத்தார்.

ரேஷன் கடைக்காரர்கூடத் தும்மவில்லை. சுதீர் வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். போய்விட்டு வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார் என்று தங்கையா எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, நம்மளை வெட்டி எறிஞ்சுடுவாங்க என்றார். சரோஜம்மா ஆறுதல் சொல்கிற ஜாதி இல்லை. நம் வீட்டுக் குழாய் ஆறு மாசமாக ஒழுகுகிறது, அதற்கு ஒருநாள் எழுந்தீர்களா என்று கேட்டாள்.

அடுத்த பத்து மாசம் தங்கையா பட்ட பாடு கொஞ்சமில்லை. கேசவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை போனை எடுத்தார். நாலு தடவையும் கேசவன், எத்தனை சீன் வருகிறீர்கள் மிஸ்டர் தங்கையா, வசனம் உண்டா என்று முந்திக்கொண்டு கேட்டார். படம் வெளிவராமல் போனால் நன்றாக இருக்கும் என்று தங்கையா வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதலைக் கடவுள் கேட்கவில்லை. தியேட்டருக்குப் போட்டுக்கொள்ள சுனிதா பிராட்வே கடைத்தெருவில் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் ஆட்டம் எறணாகுளத்தில். கேசவன் ஒரு வரிசை முழுக்கப் பிடித்திருந்தார். கோயம்புத்தூர் மைத்துனர், அவர் மனைவி, கேசவன், தங்கையா, சரோஜம்மா, சுனிதா, ரோஹன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பின்னால் திரும்பிப் பார்த்த தங்கையாவுக்கு வியர்த்துவிட்டது. ஏழு தெருவும் வந்திருந்தது. ஷாஃபி போட் பிடித்து, பஸ் பிடித்து, பெண்கள் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டி வந்திருந்தான். சர்பத்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டே கையசைத்தார்.

இடைவேளை வரைக்கும் தங்கையாவின் வலது காது மட்டும் இரண்டு தடவை தெரிந்தது. உட்கார்ந்த காதுதான். கேசவன் திருப்தியாக, உங்க காது தெரிஞ்சுதே என்று சொல்லி மைத்துனருக்கும் காட்டிக் கொடுத்தார். இந்தக் காதோடு படம் முடிந்துவிட்டால் போதும் என்று தங்கையா நினைத்தார். சுனிதா எட்டி அவர் கையை ஒரு அழுத்து அழுத்தினாள்.

இடைவேளைக்கு அப்புறம் ராக்கெட் கிளம்பியது. அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு சத்தம் அடங்கியது. திரை முழுக்க அந்த மீட்டர் வந்தது, விரிசலோடு. முள் இறங்கியது. கேமரா மெல்ல ஏறி ஒரு முகத்தில் நின்றது. இரண்டு ஆள் உயரத்தில் தங்கையாவின் முகம். அவர் எழுந்தார். சக்கரத்தைப் பிடித்தார்.

தங்கையா நாற்காலியில் குறுகிப் போனார். வெட்டவில்லை. வெட்டியிருந்தால் தேவலையே. நாற்காலியில் உட்கார வந்த ஆபீசர், உலகம் பார்க்கக் குனிந்து வால்வ் திருப்பிக்கொண்டிருந்தார்.

தியேட்டரில் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் மெல்லக் கேட்டது. "ஒண்ணு." இன்னும் இரண்டு குரல் சேர்ந்தது. "ரெண்டு. மூணு." பழக்கதோஷம்தான், வேறென்ன. முப்பத்தொரு வருஷமாக அந்தக் கை சுற்றும்போது எண்ணிப் பழகிய வாய்கள். ஐந்துக்கு வரும்போது ஏழு தெருவும் எண்ணியது. ஆறுக்கு மற்றவர்களும் என்னவென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள்.

ஏன் இவர்கள் எண்ணுகிறார்கள் என்று மைத்துனர் கேட்டார். கேசவன் தங்கையாவைப் பார்த்தார். தங்கையா சொன்னால் மகள் கட்டிக் காத்த மரியாதை போகும், சொல்லாவிட்டால் இந்தத் தியேட்டரே சொல்லிவிடும்.

"பத்து," என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல், மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே. சுனிதா. கண்ணில் தண்ணீர் வழிய, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், சின்ன வயசில் வாசற்படியில் நின்று எண்ணிய அதே ராகத்தில் எண்ணினாள். "பதினொண்ணு. பன்னெண்டு."

மைத்துனர் பக்கம் திரும்பி, எண்ணிக்கையின் நடுவிலேயே சொன்னாள். "எங்கப்பா வால்வ் திறக்கறவர் மாமா. எங்க ஏழு தெருவுக்கும் இவர்தான் தண்ணி விட்டார். பதினாலு சுத்து."

பதினாலு முடிந்தது. திரையில் தங்கையா குனிந்து பைப்பில் காதை வைத்தார். ஏழு தெருவுக்கும் தெரியும், இப்போது காற்று சீற வேண்டும், பிறகு தண்ணீர் வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. அந்தப் பெரிய முகம் நிமிர்ந்து மீட்டரைப் பார்த்தது. வெளியே ராக்கெட் கடலில் விழுந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சரோஜம்மாதான்.

தங்கையா தலையைக் குனிந்தபடியே காத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் கேசவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. முப்பத்தாறு வருஷம் ஆபீசில் கையெழுத்துப் போட்டவர் கேசவன். அவர் கையைப் பார்த்து ஒரு தியேட்டர் எண்ணியதில்லை. அவர் தங்கையாவின் காதருகே சாய்ந்தார்.

"சம்பந்தி, கூட ஒரு சுத்துச் சுத்திப் பாத்திருக்கலாமே. ராக்கெட் மேல போயிருக்குமோ என்னமோ."

"பதினஞ்சாவது சுத்தக் கூடாது," என்றார் தங்கையா. "பைப்பு உடைஞ்சு போகும்."

கேசவன் தலையாட்டினார். பிறகு மைத்துனர் பக்கம் திரும்பி, பின்வரிசை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"பதினஞ்சாவது சுத்தக் கூடாதாம். பைப்பு உடைஞ்சு போகுமாம். நம்ம சம்பந்தி சொல்றார், முப்பத்தொரு வருஷ சர்வீஸ்."